இந்திரன்: வேதத்தின் தலைவன் எங்கே போனான்?



உங்கள் வகுப்பு வருகைப் பதிவேட்டைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். ராஜேந்திரன், மகேந்திரன், சுரேந்திரன், தேவேந்திரன், கஜேந்திரன், ரவீந்திரன்... மாணவர் பெயரில் இல்லாவிட்டாலும் அப்பா பெயரிலோ தாத்தா பெயரிலோ ஒன்றாவது இருக்கும். இத்தனை பெயர்களின் வாலிலும் ஒட்டிக்கொண்டு வருபவன் ஒருவன்தான். அவன் இந்திரன்.

சரி, இப்போ ஒரு கேள்வி. முருகனுக்குக் கோயில் தெரியும், மாரியம்மனுக்குத் தெரியும், பிள்ளையாருக்குத் தெரு முனையிலேயே கோயில் உண்டு. இந்திரனை மூலவராக வைத்த கோயில் ஒன்றைச் சொல்லுங்கள் பார்ப்போம். யோசிக்க வேண்டியிருக்கிறது, இல்லீங்களா?

‘இந்து சமயத்தில் இந்திரனின் இடம் யாது?’ என்று கேட்டால் மாணவர்களிடமிருந்து பெரும்பாலும் இரண்டு வகை விடை வரும். ஒன்று, ‘இந்திரன் தேவர்களின் தலைவன், மிக முக்கியமான கடவுள்.’ மற்றொன்று, ‘இந்திரன் அகலிகை கதையில் சாபம் வாங்கியவன், பெருமை இல்லாத சிறு தெய்வம்.’ இரண்டும் முழுப் பொய் அல்ல. ஆனால் இரண்டிலும் ஒன்று குறைகிறது. எந்தக் காலத்தில்? எந்த நூலில்? இந்த இரண்டையும் சேர்க்காமல் ஒரு தெய்வத்தின் முக்கியத்துவத்தைப் பற்றி வரலாறு எழுத முடியாது. இந்தக் கட்டுரையில் நாம் பார்க்கப் போவது அதைத்தான்.

ரிக் வேதத்தில் இந்திரன்

ரிக் வேதம் 10 மண்டலங்கள், 1028 சூக்தங்கள் கொண்டது. அறிஞர்களில் பலர் இதன் காலத்தைச் சுமார் கி.மு. 1500 முதல் கி.மு. 1000 வரை என்று கணிக்கிறார்கள். இதில் ஏறத்தாழ கால் பங்கு, அதாவது சுமார் 250 சூக்தங்கள், இந்திரனைப் போற்றுபவை. அடுத்த இடம் அக்கினிக்கு, சுமார் 200. இன்று நாம் பெருந்தெய்வமாக வணங்கும் விஷ்ணுவுக்கும், சிவனின் முன்வடிவமாகக் கருதப்படும் ருத்திரனுக்கும் தனியாக உள்ள சூக்தங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எண்ணிக்கை மட்டுமே முக்கியத்துவத்தைக் காட்டிவிடாது என்பது உண்மைதான். ஆனாலும் இவ்வளவு பெரிய வேறுபாட்டைச் சும்மா தள்ளிவிடவும் முடியாது.

இந்திரன் ஏன் இப்படிப் போற்றப்பட்டான்? ஒரே ஒரு செயலை மையமாக வைத்துப் பார்த்தால் எளிதில் புரியும். விருத்திரன் என்ற பெரும் பாம்பு மலைமேல் படுத்துக்கொண்டு நீரையெல்லாம் அடைத்து வைத்திருந்தது. ‘விருத்திரம்’ என்ற சொல்லுக்கே தடை என்றுதான் பொருள். இந்திரன் சோம பானத்தைப் பருகி, துவஷ்டா செய்து கொடுத்த வச்சிராயுதத்தால் அந்தப் பாம்பைப் பிளந்தான். அடைபட்ட நீர் ஆறுகளாகப் பெருகிக் கடலை நோக்கி ஓடியது. முதல் மண்டலத்தின் 32ஆம் சூக்தம் இதை விரிவாகப் பாடுகிறது.

மாடு மேய்த்து வாழும் மக்களை நினைத்துப் பாருங்கள். நீர் இருந்தால் புல் உண்டு, புல் இருந்தால் மாடு உண்டு, மாடு இருந்தால் பால் உண்டு. நீரைத் திறந்துவிட்டவன்தான் அவர்களுக்குப் பெரியவன். கூடவே போரிலும் அவனையே அழைத்தார்கள். பத்து அரசர் போர் என்று சொல்லப்படும் போரில் சுதாஸ் என்ற அரசன் வென்றது இந்திரனின் துணையால் என்று ஏழாம் மண்டலம் கூறுகிறது. பகைவரின் கோட்டைகளை உடைப்பவன் என்பதால் ‘புரந்தரன்’ என்ற பெயரும் அவனுக்கு உண்டு. இந்தப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு பெரிய சிக்கலில் இது வரும்.

இன்னொரு செய்தி பலருக்கு வியப்பாக இருக்கும். ‘இந்திரன் எங்கே இருக்கிறான்? அப்படி ஒருவன் இல்லவே இல்லை’ என்று சொன்னவர்களும் அந்தக் காலத்தில் இருந்தார்கள். இது வெளியார் குற்றச்சாட்டு அல்ல. இரண்டாம் மண்டலத்தின் 12ஆம் சூக்தமே அப்படிப்பட்டவர்களைக் குறிப்பிட்டு, அவர்களுக்கு விடையும் சொல்கிறது. ஆகவே ஐயமும் கேள்வியும் நம் மரபில் பின்னால் வந்து சேர்ந்தவை அல்ல, தொடக்கத்திலேயே இருந்தவை.

மண்ணுக்கு அடியிலிருந்து ஒரு சாட்சி

வேதம் வாய்வழியாகக் காக்கப்பட்டது. அதனால் அதன் காலத்தைக் கணிப்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் இந்திரனின் பெயர் காலம் குறிக்கத்தக்க ஓர் ஆவணத்தில் கிடைத்திருக்கிறது. அதுவும் இந்தியாவில் அல்ல, இன்றைய துருக்கியில்.

1906ஆம் ஆண்டு தொடங்கி அங்கே போகாஸ்கோய் என்ற இடத்தில் நடந்த அகழாய்வில் ஆயிரக்கணக்கான களிமண் பலகைகள் கிடைத்தன. அது இட்டைட்டு பேரரசின் பழைய தலைநகரம். அவற்றில் ஒன்று, இட்டைட்டு அரசனுக்கும் மித்தானி அரசனுக்கும் கி.மு. 14ஆம் நூற்றாண்டில் ஏற்பட்ட உடன்படிக்கை. அந்த உடன்படிக்கைக்குச் சாட்சியாகப் பல தெய்வங்களை அழைத்தார்கள். மித்தானி தரப்பின் பட்டியலில் மித்திரன், வருணன், இந்திரன், நாசத்தியர் என்ற பெயர்கள் இருக்கின்றன. நாசத்தியர் என்பது அசுவினி தேவர்களின் மற்றொரு பெயர்.

ஈரானில் கதை வேறு மாதிரி போகிறது. சொராஸ்டிரிய சமயத்தின் புனித நூலான அவெஸ்தாவில் இந்திரன் தீய சக்திகளில் ஒருவனாகக் குறிக்கப்படுகிறான். ஆனால் இந்திரனின் ‘விருத்திரகன்’ என்ற பட்டத்தோடு உறவுடைய ‘வெரெத்ரக்ன’ என்ற பெயரில் வெற்றித் தெய்வம் ஒன்று அங்கே போற்றப்படுகிறது. பெயர் ஒரு பக்கம் இறங்கியது, பட்டம் மறுபக்கம் ஏறியது. ஒரே வேரிலிருந்து பிரிந்த இரண்டு மரபுகள் ஒரு தெய்வத்தை எப்படி வேறு வேறாகப் பார்க்கும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

மாணவனாக உட்கார்ந்த இந்திரன்

வேள்விக் காலம் மெல்ல மாறி, ‘நான் யார்? ஆன்மா என்றால் என்ன?’ என்று கேட்கும் உபநிடதக் காலம் வருகிறது. அங்கே இந்திரன் போர்வீரனாக வருவதில்லை. மாணவனாக வருகிறான். தேர்வுக்குப் படிக்கும் உங்களுக்கு இந்தப் பகுதி ரொம்பப் பிடிக்கும்.

சாந்தோக்கிய உபநிடதத்தில் ஒரு கதை. ஆன்மாவை அறிய விரும்பித் தேவர்கள் சார்பில் இந்திரனும், அசுரர்கள் சார்பில் விரோசனனும் பிரஜாபதியிடம் போகிறார்கள். 32 ஆண்டுகள் தங்கிப் படிக்கிறார்கள். பிரஜாபதி ஒரு பாத்திரத்து நீரில் அவர்கள் உருவத்தைப் பார்க்கச் சொல்லி, அதுதான் ஆன்மா என்கிறார். விரோசனன் மகிழ்ச்சியோடு போய், உடம்புதான் ஆன்மா என்று அசுரர்களுக்குப் போதிக்கிறான். இந்திரனும் கிளம்பிவிட்டான். ஆனால் பாதி வழியில் அவனுக்கு ஓர் ஐயம். உடம்பு அலங்காரமாக இருந்தால் நிழலும் அலங்காரமாக இருக்கிறது. கண் போனால் நிழலுக்கும் கண் போகிறது. உடம்பு அழிந்தால் அதுவும் அழிந்துவிடுமே! இது எப்படி அழியாத ஆன்மாவாகும்?

உடனே திரும்பி வந்தான். மீண்டும் 32 ஆண்டுகள், மறுபடியும் 32, கடைசியில் இன்னும் 5. மொத்தம் 101 ஆண்டுகள். ஒவ்வொரு தடவையும் கிடைத்த விடையை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டு போகாமல், பொருந்துகிறதா என்று யோசித்துத் திரும்பி வந்தவன் இந்திரன். விரோசனன் முதல் விடையிலேயே நின்றுவிட்டான்.

கேன உபநிடதத்திலும் இதே போக்குதான். அசுரர்களை வென்ற பெருமையில் தேவர்கள் மிதக்கிறார்கள். அப்போது பிரம்மம் ஒரு யட்ச வடிவில் தோன்றுகிறது. அக்கினியால் ஒரு துரும்பை எரிக்க முடியவில்லை. வாயுவால் அதே துரும்பை அசைக்க முடியவில்லை. இந்திரன் நெருங்கியதும் யட்சம் மறைந்துவிட்டது. அவன் அங்கேயே நின்றான். உமை தோன்றி, உங்கள் வெற்றி உங்களுடையது அல்ல, பிரம்மத்தினுடையது என்று அறிவித்தாள். அதை முதலில் அறிந்ததால்தான் இந்திரன் மற்றத் தேவர்களை விட மேம்பட்டவன் என்கிறது அந்த உபநிடதம்.

கவனித்தீர்களா? வேதத்தில் அவன் பெரியவனானது வச்சிரத்தால். உபநிடதத்தில் பெரியவனானது அடக்கத்தாலும் கேள்வியாலும். தலைமை அப்படியே இருக்கிறது, அதற்கான காரணம் மாறிவிட்டது.

அதே செயல், இப்போ பாவம்

இதிகாச, புராணங்களுக்கு வருவோம். விருத்திரனைக் கொன்ற அதே கதை இங்கேயும் உண்டு. ஆனால் தீர்ப்பு தலைகீழ்.

மகாபாரதத்தில் விருத்திரன் வெறும் பாம்பு அல்ல. துவஷ்டாவின் மகன். அவனைக் கொன்றதால் இந்திரனுக்குப் பிரம்மஹத்தி தோஷம் பிடிக்கிறது. பயந்துபோய் நீரில் ஒளிந்துகொள்கிறான். காலியான அரியணையில் நகுஷன் என்ற மனித அரசனை உட்கார வைக்கிறார்கள். அவனோ பதவி வந்ததும் தலை கால் புரியாமல் ஆடி, முனிவர்களையே பல்லக்குச் சுமக்க வைத்து, அகத்தியரின் சாபத்தால் பாம்பாகி விழுகிறான். பாகவத புராணம் இன்னும் ஒரு படி மேலே போய், விருத்திரனைச் சிறந்த பக்தனாகவே காட்டுகிறது.

ரிக் வேதத்தில் எந்தச் செயலுக்காக இந்திரன் புகழப்பட்டானோ, அதே செயலுக்காகப் பின்னால் ஒளிந்து வாழ்கிறான். பாத்திரங்களும் சம்பவமும் பெரும்பாலும் அவையே. மாறியது, அதைச் சொன்ன சமுதாயத்தின் மதிப்பீடு.

இங்கே ‘இந்திரன்’ என்பது ஒரு பதவியாகவும் ஆகிவிடுகிறது. புராணக் கணக்குப்படி ஒரு கல்பத்தில் 14 மனுக்கள், ஒவ்வொரு மனுவின் காலத்துக்கும் ஓர் இந்திரன். இப்போதைய இந்திரனின் பெயர் புரந்தரன். அடுத்த மனுவந்தரத்தில் இந்திரனாகப் போவது யார் தெரியுமா? வாமனர் மூன்றடி மண் கேட்டாரே, அந்த மகாபலி. நூறு அசுவமேத யாகம் செய்தவருக்கு இந்திர பதவி கிடைக்கும் என்ற நம்பிக்கையும் உண்டு. அதனால்தான் கதைகளில் யாராவது நூறாவது யாகம் தொடங்கினால் இந்திரன் பதறுகிறான். யாராவது கடுந்தவம் செய்தால் அதைக் கலைக்க ஆள் அனுப்புகிறான்.

இந்தக் கதைகளின் பாடம் இந்திரனைக் கேலி செய்வது அல்ல. சொர்க்கத்தின் அரியணையே ஆனாலும் அது நிலையானது அல்ல, புண்ணியம் தீர்ந்தால் இறங்க வேண்டியதுதான் என்பதே அவற்றின் சாரம். பிறவிச் சுழலிலிருந்து விடுபடுவதே பெரிது என்று கருதிய காலத்தில், சொர்க்கத்துக்கு அரசன் என்பது உச்ச நிலையாக இருக்க முடியாது அல்லவா?

ஏன் இந்த மாற்றம்?

காரணங்களை மூன்றாகச் சொல்லலாம்.

முதலாவது, வழிபாட்டு முறை மாறியது. வேள்வித் தீயில் ஆகுதி கொடுத்து தெய்வத்தை அழைத்த முறைக்குப் பக்கத்தில், கோயிலில் திருவுருவம் வைத்துப் பக்தியோடு வணங்கும் முறை வளர்ந்தது. இந்திரன் வேள்வியோடு பின்னிப் பிணைந்தவன். வேள்வி மையத்திலிருந்து விலக, அவனும் விலகினான். கண்ணன் கோவர்த்தன மலையைக் குடையாகப் பிடித்த கதையில் இந்த மாற்றம் நேரடியாகவே தெரிகிறது. இந்திரனுக்குச் செய்து வந்த பூசையைக் கண்ணன் நிறுத்தச் சொல்கிறான். இந்திரன் கோபித்து மழை பொழிகிறான். கடைசியில் பணிகிறான்.

இரண்டாவது, விஷ்ணுவும் சிவனும் முழுமுதற் கடவுளராக உயர்ந்தார்கள். ரிக் வேதத்தில் விஷ்ணு இந்திரனின் தோழன், விருத்திரனோடு நடந்த போரில் உடன் நின்றவன். பின்னால் வரிசை மாறியது. ஆனால் பழைய வரிசையின் தடயம் ஒரு பெயரில் தங்கிவிட்டது. திருமாலுக்கு ‘உபேந்திரன்’ என்று ஒரு பெயர் உண்டு. இந்திரனுக்குத் தம்பி என்று பொருள்.

மூன்றாவது, பௌத்தமும் சமணமும் இந்திரனை ஏற்றுக்கொண்டன, ஆனால் அடியவனாக ஏற்றுக்கொண்டன. பாலி நூல்களில் அவன் பெயர் சக்கன். புத்தரிடம் கேள்வி கேட்டுத் தெளிபவன், அறத்தைக் காப்பவன்.

இவ்வளவு நடந்த பிறகும் இந்திரன் மறையவில்லை. எட்டுத் திசைக் காவலரில் கிழக்குத் திசை அவனுடையது. கோயில் சடங்குகளில் திசைக் காவலரை வழிபடும்போது அவனுக்கும் பங்கு உண்டு. நேபாளத்தின் காத்மாண்டுவில் ‘இந்திர ஜாத்திரை’ என்ற விழா இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது. உயரமான கம்பம் ஒன்றை நட்டு அதைத் தொடங்குகிறார்கள். நம் வீட்டிலேயே ஒன்று சொல்லலாம். தைப் பொங்கலுக்கு முதல் நாள் போகி. ‘போகி’ என்பது இந்திரனின் பெயர்களில் ஒன்று. மழைக்கு நன்றி சொல்லும் நாள் என்று பெரியவர்கள் இதை விளக்குவார்கள்.

தமிழ் இலக்கியத்தில் இந்திரன்

தமிழாசிரியர்களுக்கு இது பழகிய இடம். தொல்காப்பியம் நிலங்களுக்குத் தெய்வம் சொல்லும்போது மருத நிலத்துக்கு ‘வேந்தன்’ என்கிறது. உரையாசிரியர்கள் இந்த வேந்தனை இந்திரன் என்று கொண்டார்கள். நூலில் இருப்பது வேந்தன், உரையில் வருவது இந்திரன். விடை எழுதும்போது இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வது நல்லது. அதே நூற்பாவில் நெய்தலுக்கு வருணன் என்ற வேதத் தெய்வத்தின் பெயர் வெளிப்படையாகவே வருகிறது. தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரமோ ஆசிரியரை ‘ஐந்திரம்’ நிறைந்தவர் என்று போற்றுகிறது. ஐந்திரம் என்பது இந்திரன் பெயரால் வழங்கிய இலக்கண மரபு என்பது பொதுவான விளக்கம்.

புறநானூற்றின் 182ஆம் பாடல் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்திரனுக்குரிய அமிழ்தமே கிடைத்தாலும் தனியாக உண்ணாதவர்கள் இருப்பதால்தான் உலகம் நிலைத்திருக்கிறது என்ற கருத்து அதில் வருகிறது. திருக்குறளில் ‘நீத்தார் பெருமை’ அதிகாரத்தின் 25ஆம் குறள், ஐம்புலன்களை அடக்கியவனின் ஆற்றலுக்கு இந்திரனையே சாட்சியாகக் காட்டுகிறது. பரிமேலழகர் இதைக் கௌதமரின் சாபக் கதையோடு சேர்த்து விளக்குகிறார்.

எல்லாவற்றிலும் பெரிய சான்று இந்திர விழா. காவிரிப்பூம்பட்டினத்தில் இந்த விழா 28 நாள் நடந்தது என்கிறது மணிமேகலை. அகத்தியர் சொல்ல, தூங்கெயில் எறிந்த தொடித்தோட் செம்பியன் என்ற சோழன் இதைத் தொடங்கினான் என்றும் அந்நூல் கூறுகிறது. சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்தில் வச்சிரக் கோட்டமும், இந்திரனின் வெள்ளை யானைக்கு ஒரு கோட்டமும் இருந்ததாக வருகிறது. வச்சிரக் கோட்டத்து முரசை யானைமேல் ஏற்றித்தான் விழாவை அறிவித்தார்கள்.

அந்த விழாவின் முடிவில் கடலாடப் போன இடத்தில்தான் கோவலனும் மாதவியும் யாழை மீட்டிக் கானல்வரி பாடினார்கள். பிரிவும் அங்கேயே வந்தது. இந்திர விழாவை எடுத்துவிட்டால் சிலப்பதிகாரத்தின் திருப்புமுனையே இல்லை. மணிமேகலையில் சோழ மன்னன் மகனைத் தேடும் துயரத்தில் இந்த விழாவை மறந்துவிட, புகாரைக் கடல் கொள்கிறது. ஒரு நகரத்தின் வாழ்வும் அழிவும் ஒரு விழாவோடு கட்டப்பட்டிருப்பதை இங்கே காண்கிறோம்.

நம் வட்டாரத்தில் இந்திரன்

தென்கிழக்காசியாவில் இருந்துகொண்டு இந்திரனைப் பற்றிப் படிப்பதில் நமக்கு ஒரு வசதி. சான்றுகள் பக்கத்திலேயே இருக்கின்றன.

மலாய் மொழியில் ஐம்புலனுக்குப் ‘பஞ்சாஇந்தெரா’ என்று பெயர். அறிவியல் பாடத்தில் நம் பிள்ளைகள் பயன்படுத்தும் சொல்தான். இது வடமொழியின் ‘பஞ்ச இந்திரியம்’. இந்திரியம் என்ற சொல்லையே இந்திரனோடு தொடர்புபடுத்தி விளக்கியவர் இலக்கண ஆசிரியர் பாணினி. பெர்லிஸ் மாநிலத்தை ‘இந்தெரா காயாங்கான்’ என்று அடைமொழியோடு அழைக்கிறார்கள். காயாங்கான் என்றால் மலாயில் தேவருலகம்.

கம்போடியாவில் 9ஆம் நூற்றாண்டில் இந்திரவர்மன் என்ற பெயரில் அரசன் ஆண்டான். இன்றைய வியட்நாமில் இருந்த சம்பா நாட்டுக்கு இந்திரபுரம் என்ற தலைநகரம் இருந்தது. கி.பி. 967இல் எழுந்த பந்தியாய் ஸ்ரே கோயிலின் கல் முகப்பில், காண்டவ வனம் எரியும்போது இந்திரன் மூன்று தலை யானைமேல் அமர்ந்து மழை பொழியும் காட்சியை இன்றும் பார்க்கலாம். 1782இல் உருவான பாங்காக் நகரின் நீண்ட சடங்குப் பெயரில் இந்திரன் வருகிறான். லாவோஸ் மன்னராட்சியின் கொடியில் 1975 வரை இருந்தது மூன்று தலை யானை. நம் ஐராவதம்தான், அங்கே ‘எராவன்’.

இங்கே அரசர்கள் இந்திரனை ஏன் விரும்பினார்கள்? அவன் தேவர்களின் அரசன். மண்ணில் ஆளும் அரசனுக்கு விண்ணில் ஓர் உவமை தேவைப்பட்டது. இதே காரணத்தால்தான் ‘இந்திரன்’ என்ற சொல் ‘தலைவன்’ என்ற பொருளில் பெயர்களின் பின்னால் சேர்ந்தது. ராஜேந்திரன் என்றால் அரசர்க்கெல்லாம் தலைவன். 1025இல் கடாரத்தின்மேல் கடற்படை அனுப்பிய சோழ மன்னனின் பெயரும் அதுதான். கடாரம் என்பது இன்றைய கெடா என்பதை நீங்கள் அறிவீர்கள்.

குற்றவாளிக் கூண்டில் ஒரு தெய்வம்

‘இதெல்லாம் பழங்கதை, காலத்தைக் கொஞ்சம் மாற்றிச் சொன்னால் என்ன குடி முழுகிப் போகும்?’ என்று யாராவது கேட்டால் இந்தச் செய்தியைச் சொல்லுங்கள்.

பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் 1946இல் அரப்பாவில் அகழாய்வு நடத்தினார். அங்கே கோட்டைச் சுவர்களைக் கண்டார். மொகஞ்சதாரோவில் முன்பு கிடைத்திருந்த எலும்புக்கூடுகளையும், வேதத்தில் வரும் ‘புரந்தரன்’ என்ற பெயரையும் சேர்த்து முடிச்சுப் போட்டார். சிந்துவெளி நகரங்களை அழித்தது இந்திரனை வணங்கிய படையெடுப்பாளர்களே என்று 1947இல் எழுதினார். இந்திரன் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டான். இந்தக் கதை பல பாடநூல்களுக்குள் புகுந்தது.

பிறகு ஆராய்ந்தபோது கணக்கு இடித்தது. அந்த எலும்புக்கூடுகள் எல்லாம் ஒரே நாளில், ஒரே மண்ணடுக்கில் விழுந்தவை அல்ல. போர் நடந்ததற்குரிய ஆயுதக் குவியலோ எரிந்த கோட்டையோ கிடைக்கவில்லை. அமெரிக்கத் தொல்லியலாளர் ஜார்ஜ் டேல்ஸ் 1964இல் அந்தப் படுகொலையே கற்பனை என்று வாதிட்டார். ஆறுகளின் போக்கு மாறியது, மழை குறைந்தது, வணிகம் தளர்ந்தது போன்ற காரணங்களே இன்று அதிகம் பேசப்படுகின்றன.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். படுகொலைக் கதை விழுந்தது என்பதால் மக்கள் இடம்பெயர்வு பற்றிய கேள்வி முடிந்துவிட்டது என்று பொருள் இல்லை. அது வேறு கேள்வி. அதற்கு மொழியியலும் மரபணு ஆய்வும் வேறு சான்றுகள் தருகின்றன. நாம் கற்க வேண்டியது, ஒரு துதிப் பாடலின் அடைமொழியை அப்படியே போர்க்களச் செய்தியாகப் படித்தால் ஒரு மக்கள் கூட்டத்தின்மேலேயே கொலைப் பழி விழும் என்பதுதான்.

தேர்வில் எப்படி எழுதுவது?

மாணவர்களே, ‘இந்திரனின் முக்கியத்துவத்தை விளக்குக’ என்று வினா வந்தால் முதல் பத்தியிலேயே காலத்தைப் பிரித்துவிடுங்கள். வேத காலம், உபநிடதக் காலம், இதிகாச புராண காலம், தமிழ் இலக்கியம் என்று நான்கு பத்தி போதும். ஒவ்வொரு பத்திக்கும் ஒரு நூல், ஒரு சம்பவம், அதிலிருந்து ஒரு முடிவு. ‘மிகவும் முக்கியமானவன்’ என்று பத்து முறை எழுதுவதை விட ‘ரிக் வேதத்தில் ஏறத்தாழ கால் பங்கு அவனுக்கு உரியது’ என்று ஒரு முறை எழுதுங்கள். விருத்திரன் கதையை இரண்டு காலத்திலும் ஒப்பிட்டுக் காட்டினால், மாற்றத்தை நீங்கள் புரிந்துகொண்டீர்கள் என்பது திருத்துபவருக்கு உடனே தெரியும்.

கதை சொல்கிறது, நூல் கூறுகிறது, உரையாசிரியர் கருதுகிறார், அகழாய்வில் கிடைத்தது: இந்த நான்கு தொடர்களையும் ஒன்றோடொன்று கலக்காதீர்கள். மணிமேகலை கடல்கோளைக் கூறுகிறது என்று எழுதலாம். இந்திரன் கோபத்தால் புகார் அழிந்தது என்று வரலாற்று உண்மையாக எழுதக்கூடாது.

ஆசிரியர்களே, வகுப்பில் செய்ய ஒரு சின்னப் பயிற்சி. மாணவர்களை மூன்று குழுவாகப் பிரியுங்கள். ஒரு குழுவுக்கு ரிக் வேத இந்திரன், மற்றொன்றுக்கு சாந்தோக்கிய இந்திரன், மூன்றாவதற்கு நகுஷன் கதையில் ஒளிந்திருக்கும் இந்திரன். ‘இந்த இந்திரனை வணங்கியவர்கள் அல்லது இந்தக் கதையைச் சொன்னவர்கள் வாழ்க்கையில் எதைப் பெரிதாக நினைத்தார்கள்?’ என்ற ஒரே கேள்வியைக் கொடுங்கள். முதல் குழு நீரும் வெற்றியும் என்று சொல்லும். இரண்டாவது குழு அறிவு என்று சொல்லும். மூன்றாவது குழு அறம், பதவியின் நிலையாமை என்று சொல்லும். மூன்று விடையையும் கரும்பலகையில் வரிசையாக எழுதிவிட்டால், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலான சமய வரலாறு அங்கேயே வந்துவிடும். அதற்குப் பிறகு நீங்கள் அதிகம் பேச வேண்டியிருக்காது, பிள்ளைகளே பேசிக்கொள்வார்கள்.